தலையணைக்கு ஏறிய க்ளுக்கோஸ்

தலையணைக்கு க்ளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில், செங்கல்வராயன் வீட்டு முன்னறை. ஆணியில் இருந்த முருகன் காலண்டரை இறக்கி மூலையில் சாத்திவிட்டு, முந்தின ராத்திரியே அந்த இடத்தில் ஒரு கண்ணாடி பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தாள் அவருடைய மகள் வனஜா. பாட்டிலிலிருந்து இறங்கிய ட்யூப், கட்டிலில் கிடந்த தலையணை மேல் ப்ளாஸ்திரியால் ஒட்டப்பட்டு, கட்டிலுக்கு அடியில் இருந்த சொம்புக்குள் போய் முடிந்தது. பாட்டிலில் இருந்தது குழாய்த் தண்ணீர்.

"அரை லிட்டர். எட்டு மணி நேரம். ஒரு மில்லிக்குப் பதினைஞ்சு சொட்டு" என்று முணுமுணுத்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள் வனஜா. "அப்போ நிமிஷத்துக்குப் பதினாறு."

சொட்டுகளை எண்ணினாள். சரியாகப் பதினாறு விழுந்தது.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த செங்கல்வராயன் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் முதல் வேலையாக முகச்சவரம் செய்துகொள்கிறவர், அன்றைக்கு ஏனோ முள்முள்ளான தாடையோடு உட்கார்ந்திருந்தார்.

"தலகாணிக்கு இன்னா வியாதி?"

"நாளைக்கு டெஸ்ட்டுப்பா. பழகிக்கிறேன்."

"தலகாணி பாஸாயிடும். நீ ஆவறதுதான் கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டினார்.

வனஜாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அப்பா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

அம்பத்தூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸிங் இரண்டாம் வருஷம். கணக்கு அவளுக்கு வராத விஷயம் இல்லை. காகிதத்தைக் கொடுத்து ஒரு மூலையில் உட்காரவைத்தால், எத்தனை மில்லிகிராம், எத்தனை மில்லி, எத்தனை சொட்டு என்று விறுவிறுவென்று போட்டுவிடுவாள். ஆனால் பாடம் நடத்தும் லோகநாயகி மேடம் அந்த டெஸ்ட்டைக் காகிதத்தில் வைப்பதில்லை. வார்டில், நோயாளியின் கட்டிலருகே நிற்கவைத்துக் கேட்பார். கூடப் படிக்கிற பெண்கள் சுற்றி நிற்பார்கள். நோயாளி பார்ப்பார். நோயாளியின் மாமியார், மச்சான், பக்கத்துக் கட்டில்காரர் எல்லோரும் பார்ப்பார்கள். அத்தனை கண்களையும் கண்டதும் வனஜாவின் தலைக்குள் இருந்த எண்கள் எல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.

முதல் தடவை, பதினாறு சொட்டு என்று சொல்லவேண்டிய இடத்தில் நூற்றி அறுபது என்றாள். படுத்திருந்த நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் தடவை எதுவுமே சொல்லவில்லை, அழுதாள். திங்கட்கிழமை மூன்றாம் தடவை. அதிலும் விட்டால் ஆறு மாதம் பின்னால் போய், ஜூனியர்களோடு உட்காரவேண்டும்.

அதற்குச் செங்கல்வராயன் சம்மதிக்கமாட்டார். போன வாரமே தெளிவாகச் சொல்லிவிட்டார். "நூம்பல்லேர்ந்து வரன் வந்துகீது. பையன் கெவுர்மென்ட்டு. நைட் டூட்டி பாக்கற பொண்ணு வேணாம்னு அவங்கம்மா சொல்லுது. நீ பாஸ் பண்ணினா படி. இல்லாங்காட்டி படிப்பை நிறுத்திட்டு ஊட்ல குந்து. நான் சரின்னு சொல்லிட்றேன்."

வனஜாவுக்கு அந்த வெள்ளை உடுப்பு பிடித்திருந்தது. வலியில் கிடக்கிற யாராவது அவளைப் பார்த்து 'சிஸ்டர்' என்று கூப்பிடும்போது நெஞ்சுக்குள் ஏதோ நிமிரும். அதை விட்டுவிட்டு நூம்பலில் போய்த் தோசை வார்க்க அவளுக்கு மனசில்லை.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

அந்தக் காலத்துக் குவார்ட்டர்ஸில் பகலில் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். திறந்தே கிடக்கும், நேராக உள்ளே வருவார்கள். தட்டினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

வனஜாவின் அம்மா நாகம்மா போய்த் திறந்தாள். வாசலில் பால்ராஜ் நின்றான், செங்கல்வராயனுக்கு அடுத்த லேத்தில் வேலை செய்கிறவன். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். பின்னால் அவன் மனைவி, சாத்துக்குடிப் பையோடு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"அண்ணி, அண்ணாத்தே எப்படி கீறாரு?" என்றான் பால்ராஜ், குரலைத் தாழ்த்தி.

"அவருக்கு இன்னா? நல்லாத்தானே..."

"எங்ககிட்ட மறைக்காதீங்க அண்ணி. க்ளுக்கோஸ் ஏறுதாமே. மஹ்பூபாக்கா சொல்லிச்சு."

மஹ்பூபா பக்கத்து வீடு. பூந்தமல்லியில் பிறந்து, கல்யாணமாகி ஆவடிக்கு வந்தவள். அவள் வீட்டு ஜன்னலும் இவர்கள் வீட்டு ஜன்னலும் நேருக்கு நேர். 'எட்டிப் பார்த்திருக்கா!' என்று நாகம்மா மனசுக்குள் பல்லைக் கடித்தாள்.

உள்ளே வனஜா பாட்டிலையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். க்ளுக்கோஸ் யாருக்கும் இல்லை, பயிற்சிக்காக மாட்டியது என்று சொல்லலாம். ஆனால் அந்த ட்யூப், வார்டில் கழித்துப் போட்டதை அவள் கழுவிக் கமுக்கமாக எடுத்துவந்தது. 'வார்டை விட்டு ஒரு பஞ்சுகூட வெளியே போகக் கூடாது' என்பது லோகநாயகி மேடத்தின் முதல் சட்டம். பால்ராஜ் வாயில் விழுந்தால் விஷயம் நாளைக் காலை ஷிப்ட்டுக்குள் அம்பத்தூர் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் டெஸ்ட் என்ன டெஸ்ட், பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

"அப்பா, அப்பா, கொஞ்ச நேரம் படுத்துக்கோங்கப்பா!" என்று கெஞ்சினாள்.

"நான் ஏன் படுக்கணும்? எனக்கு இன்னா கேடு?"

"அவங்க போறவரைக்கும்ப்பா. உங்க கால்ல விழறேன்."

செங்கல்வராயன் அவளை முறைத்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலை எட்டிப் பார்த்தார். பிறகு தலையணையைத் தலைக்கு வைத்து நீட்டிப் படுத்துவிட்டார். வனஜா ட்யூபை அவர் முன்கையில் வைத்து ப்ளாஸ்திரி ஒட்டி, மேலே ஒரு கட்டுப் போட்டு, முனையைப் போர்வைக்கு அடியில் நுழைத்துச் சொம்பில் விட்டாள். ஊசி இல்லை என்பது கட்டுக்குள் மறைந்துபோயிற்று.

பால்ராஜ் உள்ளே வந்து, கட்டிலையும் பாட்டிலையும் பார்த்து, "அண்ணாத்தே!" என்று உடைந்தான்.

"ம்ம்ம்" என்றார் செங்கல்வராயன், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவர் மாதிரி. மகளுக்கே பகீர் என்றது.

பால்ராஜின் மனைவி விசும்ப ஆரம்பித்ததும் நாகம்மாவால் தாங்க முடியவில்லை. "அழாதம்மா. நெசத்தைச் சொல்லணும்னா, இது வந்து..." என்று தொடங்கினாள்.

"அம்மாடீ!" என்று கட்டிலிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. நாகம்மா வாயை மூடிக்கொண்டாள். மனுஷன் சாத்துக்குடிக்கு ஆசைப்பட்டுவிட்டார் என்று நினைத்தாள். ஹார்லிக்ஸ் பாட்டிலை வாங்கிப் பார்த்தபோது அவளுக்கு இன்னொன்றும் புரிந்தது. போன வருஷம் பால்ராஜ் மனைவிக்குக் குழந்தை பிறந்தபோது அவள் கொண்டுபோய்க் கொடுத்த அதே பாட்டில். மூடியில் அவள் வீட்டு மஞ்சள் கறை இன்னும் இருந்தது. குவார்ட்டர்ஸில் ஹார்லிக்ஸ் யாரும் குடிப்பதில்லை, அடுத்த நோயாளிக்கு அது போய்ச் சேரும்.

"எப்ப முடியும் பாப்பா?" என்று கேட்டான் பால்ராஜ், பாட்டிலைப் பார்த்து.

வனஜா விழித்தாள். இரண்டு பேர் எதிரே நின்று பார்க்கிறார்கள். எண்கள் கிளம்பத் தயாராயின. "இதோ வந்துட்டேன் அண்ணா" என்று அடுப்படிக்கு ஓடி, கோலமாவு டப்பா மூடியில் விரலால் கணக்குப் போட்டுப் பார்த்து, திரும்பி வந்து, "இன்னும் ஏழு மணி நேரம் ஆகும்" என்றாள். நேரம் நீளம் என்று தெரிந்தால் கிளம்பிவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை.

"ஏழு மணி நேரமா!" பால்ராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அவ்ளோ சீரியஸா? நான் கூடவே கீறேன். இந்த நேரத்துல அண்ணாத்தேவை வுட்டுட்டுப் போனா நான் மனுசனா?"

அதற்குள் வேறு இரண்டு குடும்பங்கள் வந்துவிட்டன. எல்லோருக்கும் மஹ்பூபாதான் சொல்லியிருந்தாள். காலையில் டி.வி. தொடர் முடிந்ததும் இன்னும் நாலு பேர். அந்த நாளில் குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமை தொடர் முடிந்தால் அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்குச் செங்கல்வராயன் கிடைத்தார்.

வந்தவர்கள் சாதாரண ஆட்களாக இருந்தாலும் பரவாயில்லை. அத்தனை பேரும் லேத், மில்லிங், கிரைண்டிங் என்று ஆயுசு முழுக்க ஓடுகிற எந்திரத்தோடு நின்றவர்கள். எதிரே ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் அதன் வேகம் என்ன என்று தெரியாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது.

"நிமிஷத்துக்கு எத்தினி சொட்டு?"

"பதினாறு அண்ணா."

"அதையே இருபதா வெச்சா எப்ப முடியும்?"

வனஜா கதவுக்குப் பின்னால் போய் நின்று விரலை மடக்கிப் பார்த்துவிட்டு வந்தாள். "ஆறேகால் மணி நேரம், அண்ணா."

"முப்பதா வெச்சா?"

இந்தத் தடவை கதவுக்குப் பின்னால் போக இடமில்லை, அங்கேயும் ரெண்டு பேர் நின்றிருந்தார்கள். நின்ற இடத்திலேயே கண்ணை மூடிப் போட்டுப் பார்த்தாள். "நாலு மணி நேரமும் கொஞ்சமும்."

"அப்போ முப்பதா வையேன். சீக்கிரமா முடிஞ்சிடும்ல?"

"அப்படி வேகமா ஏத்தக் கூடாதுண்ணா. வயசானவங்களுக்கு நெஞ்சுல தண்ணி கோத்துக்கும். மூச்சு வாங்கும்."

"யாரு வயசானவரு?" என்று கட்டிலில் கிடந்தவர் கண்ணை மூடியபடியே உறுமினார்.

"பேச்சு வந்துட்ச்சு!" என்று பால்ராஜ் சந்தோஷப்பட்டான்.

கூட்டத்தைக் கிளப்ப ஒரே வழி பாட்டிலைச் சட்டென்று காலி செய்து, 'முடிந்தது, போய் வாருங்கள்' என்று சொல்வதுதான். யாரும் பார்க்காதபோது வனஜா, சொட்டைக் கூட்டிக் குறைக்கிற ட்யூப் சக்கரத்தை முழுக்கத் திறந்துவிட்டாள். சொட்டு, ஒழுக்கானது. அவள் மறந்துபோனது கட்டிலுக்கு அடியில் இருந்த சொம்பை.

சொம்பு நிறைந்து, வழிந்து, தண்ணீர் தரையில் ஒரு கோடாக ஓடி பால்ராஜின் காலைத் தொட்டது.

வனஜா அவசரமாகச் சக்கரத்தைத் திருப்பி மூடினாள். பால்ராஜ் காலைப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான். மெதுவாகக் காலை மடக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டான்.

"தெரியாமயே போயிடுச்சு போல" என்றாள் அவன் மனைவி, வாயைப் பொத்திக்கொண்டு. "ஒரு பக்கம் இழுத்துக்கிச்சோ இன்னாவோ."

செங்கல்வராயனின் முகம் செக்கச்செவேல் என்று ஆயிற்று. இருபது வருஷமாகக் கட்டிக் காத்த மானம் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதாவது எழுந்து உட்கார்ந்து உண்மையைச் சொல்லிவிடுவார் என்று வனஜா எதிர்பார்த்தாள். அவர் பல்லைக் கடித்து, போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

பிறகு கேட்கவேண்டுமா? மதியத்துக்குள் செய்தி பக்கவாதமாக வளர்ந்து, குவார்ட்டர்ஸின் கடைசி வரிசை வரைக்கும் போய்விட்டது. முன்னறை கொள்ளவில்லை. முருகன் காலண்டர் சாத்தியிருந்த மூலையில் சாத்துக்குடி மலைபோல் குவிந்தது. நாகம்மா காபி போட்டே களைத்துப்போனாள். பால் தீர்ந்து, காபி கடுங்காபியானது. "அந்த மஹ்பூபா! ஊரெல்லாம் தமுக்கடிச்சுட்டா, அவ ஒருத்தி மட்டும் இந்தப் பக்கம் எட்டிப் பாத்தாளா? வரட்டும், பேசிக்கிறேன்" என்று ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு தடவை சபித்தாள்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு பார்த்தசாரதி வந்தார். தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவு. அவர் வந்தால் லேத்துகூடக் கொஞ்சம் மரியாதையாக ஓடும் என்பார்கள். நோயாளியைப் பார்க்கவில்லை, நேராகப் பாட்டிலிடம் போனார்.

"என்னம்மா செட் பண்ணியிருக்கே?"

"மறுபடி மாத்திட்டேன் சார். ஆறு மணி நேரத்துக்கு. நிமிஷத்துக்கு இருபத்தொண்ணு." சொல்லும்போதே அவள் கை காபி டம்ளரைப் பக்கத்தில் இருந்தவருக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"எப்படி?"

"ஐநூறு மில்லி இன்டூ பதினைஞ்சு, ஏழாயிரத்தி ஐநூறு சொட்டு. ஆறு மணி நேரம்னா முந்நூத்தறுபது நிமிஷம். வகுத்தா இருபது புள்ளி எட்டு. அரை சொட்டு, முக்கால் சொட்டு விழாதில்லையா, அதனால இருபத்தொண்ணு."

பார்த்தசாரதி சட்டைப் பையிலிருந்து ஸ்டாப்வாட்ச்சை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமையும் அதை விட்டுப் பிரியாத மனிதர். எல்லோரும் வாய்க்குள் எண்ணினார்கள். கடைசிப் பத்தைச் சத்தமாகவே எண்ணினார்கள்.

"இருபது" என்றார் பார்த்தசாரதி. "ஒண்ணு குறையறது. எங்க டிபார்ட்மென்ட்டா இருந்தா ரிஜெக்ட்."

"கையை அசைச்சா ஒண்ணு ரெண்டு மாறும் சார். அதனாலதான் அடிக்கடி வந்து எண்ணச் சொல்லியிருக்காங்க" என்றாள் வனஜா, சக்கரத்தை ஒரு மயிரிழை திருப்பி. "இப்ப எண்ணுங்க."

இருபத்தொண்ணு விழுந்தது. கூட்டம் கைதட்டியது. அதிலே ஒருத்தர் உற்சாகமாகி விசிலே அடித்துவிட்டார். பிறகுதான் இது பக்கவாதக்காரர் வீடு என்று ஞாபகம் வந்து தலையைக் குனிந்துகொண்டார்.

பாட்டில் முடிகிற நேரம் வந்தது. 'மருந்து மாத்தணும், எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்க' என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள் வனஜா. முடிந்தது என்று சொன்னால் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்று பால்ராஜ் ஏற்கெனவே வாடகை வண்டிக்குச் சொல்லி வைத்திருந்தான். பாட்டில் ஓடுகிறவரைக்கும்தான் அப்பா தப்பிப்பார்.

"அம்மா, சீக்கிரம் தண்ணி!"

நாகம்மா அவசரத்தில் அடுப்படியில் கைக்கு அகப்பட்ட பாத்திரத்திலிருந்து ஊற்றிப் பாதி பாட்டிலை நிரப்பினாள். கதவைத் திறந்த பிறகுதான் வனஜா கவனித்தாள். பாட்டிலில் இருந்தது வெளிர் மஞ்சளாக இருந்தது. அம்மா ஊற்றியது சீரகத் தண்ணீர்.

"இன்னா பாப்பா, மஞ்சளா கீது?"

"வைட்டமின் சேர்த்திருக்கு" என்றாள் வனஜா. அவள் வாயில் பொய்கூட இப்போது கோர்வையாக வந்தது.

அப்போதுதான் பார்த்தசாரதியைக் காணோம் என்று தெரிந்தது. வெளியே அவருடைய ஸ்கூட்டர் வந்து நிற்கிற சத்தம். பின்சீட்டிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் வனஜாவின் கையிலிருந்த டம்ளர் தரையில் விழுந்து உருண்டது.

கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தலையில் ஒரு மயிர் கலையாத கொண்டை. லோகநாயகி மேடம்.

"உங்க மேடம் இங்க பக்கத்துல முத்தாபுதுப்பேட்டையிலதான் இருக்காங்களாமே. அந்த மஹ்பூபாம்மா சொன்னாங்க. உடனே போய் அழைச்சுண்டு வந்துட்டேன்" என்றார் பார்த்தசாரதி, ஒரு பெரிய உபகாரம் செய்துவிட்ட முகத்தோடு.

வனஜா முடிந்தது என்று நினைத்தாள். டெஸ்ட், வெள்ளை உடுப்பு, எல்லாம் முடிந்தது. நூம்பலில் தோசைக்கல் அவளுக்காகக் காய்ந்துகொண்டிருந்தது.

மேடம் உள்ளே வந்தார். கூட்டம் வழி விட்டது. கட்டிலருகே நின்று, செங்கல்வராயனின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். கையில் போட்டிருந்த கட்டைத் தொட்டுப் பார்த்தார். ட்யூப் போகிற வழியைக் கண்ணால் தொடர்ந்தார். போர்வை ஓரத்தை ஒரு விரலால் தூக்கி, சொம்பைப் பார்த்தார். கீழே விட்டார். பிறகு நிமிர்ந்து சொட்டு விழுகிற இடத்தை உற்றுப் பார்த்தார். அங்கே ஒரு சீரகம் மிதந்துகொண்டிருந்தது.

வெகு நேரம் அந்தச் சீரகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க, மேடம் பாக்கட்டும்" என்று பால்ராஜ் கூட்டத்தைத் தள்ளினான்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றார் மேடம். "வார்டுலயும் இப்படித்தான் நிப்பாங்க." வனஜாவின் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், பாட்டில்ல பாதி இருக்கு. இருநூத்தி ஐம்பது மில்லி. மீதியை ரெண்டரை மணி நேரத்துல முடிக்கணும்னு டாக்டர் எழுதியிருக்கார். எத்தனை சொட்டு?"

மேடத்தின் கண், பார்த்தசாரதியின் கண், ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற பத்துப் பேரின் கண். பார்த்தசாரதியின் உதடு அசைவது தெரிந்தது.

"சார், நான் அவளைக் கேட்டேன்" என்றார் மேடம், திரும்பாமலே. பார்த்தசாரதி வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லு பாப்பா" என்றான் பால்ராஜ் பின்னாலிருந்து. "காத்தாலேர்ந்து எங்களுக்குச் சொல்லிகினுதானே கீறே."

வனஜா அவனைப் பார்த்தாள். ஆமாம், காலையிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். இதே முகங்கள்தான். எண்கள் எங்கேயும் போகவில்லை, வரிசையாக நின்றன.

"இருபத்தஞ்சு, மேடம்."

"ஆம்ப்யூல்ல ரெண்டு மில்லி. அதுல நூறு மில்லிகிராம் மருந்து. டாக்டர் எழுபத்தஞ்சு மில்லிகிராம் எழுதியிருக்கார். எவ்வளவு எடுப்பே?"

"ஒன்றரை மில்லி, மேடம்."

"எதைப் பார்த்தா ட்ரிப்பை உடனே நிறுத்துவே?"

"குளிர் நடுக்கம் வந்தா, மூச்சு வாங்கினா. ஊசி போட்ட இடம் வீங்கினாலும் நிறுத்தணும். அப்புறம் பாட்டிலைப் பாக்கணும். நிறம் மாறியிருந்தாலோ, உள்ள..." வனஜா மிதக்கிற சீரகத்தைப் பார்த்தாள். "உள்ள ஏதாவது மிதந்தாலோ உடனே நிறுத்திடணும்."

"அப்போ நிறுத்து" என்றார் மேடம்.

வனஜா சக்கரத்தை மூடினாள்.

மேடம் கூட்டத்தைப் பார்த்து, "பேஷன்ட்டுக்கு ஒண்ணும் இல்லை. பக்கவாதமும் இல்லை, பயமும் இல்லை. என் நாடியை விட அவர் நாடி நல்லா இருக்கு. நாளைக்கு வேலைக்கு வருவார். எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார். அந்தக் குரலுக்கு மறுபேச்சு கிடையாது. பால்ராஜ் செங்கல்வராயனின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வண்டிக்காரனிடம் வேண்டாம் என்று சொல்ல ஓடினான்.

வாசலில், வேப்பமரத்தடியில் மேடம் நின்றார். வனஜா எதிரே போய் நின்றாள்.

"நாளைக்கு டெஸ்ட்டுக்கு நீ வரவேண்டாம்."

"மேடம், அந்த ட்யூப் கழிச்சுப் போட்டதுதான். தெரியாம..."

"நாளைக்கு அதைக் கொண்டுவந்து குப்பையில போடு. இன்னொரு தடவை ஒரு பஞ்சு வெளியே வந்தாலும் நானே உன்னை அனுப்பிடுவேன்." மேடம் ஸ்கூட்டர் பக்கம் நடந்தார். இரண்டடி போய்த் திரும்பினார். "டெஸ்ட்டு இங்கயே முடிஞ்சுது. பாஸ். இனிமே சீரகத் தண்ணியை வடிகட்டிட்டு ஏத்து."

ஸ்கூட்டர் கிளம்பித் திருப்பத்தில் மறைந்தபிறகும் வனஜா அந்த மரத்தடியிலேயே நின்றாள். சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். பிறகு வீட்டுக்குள் ஓடினாள்.

செங்கல்வராயன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! நான் பாஸ்!"

"ம்" என்றார் அவர். "முதுவு புடிச்சிகிச்சு. நாளெல்லாம் ஒரே பக்கமா படுக்க வெச்சிட்டீங்க ஆத்தாளும் பொண்ணும்." ஒரு சுளையை அவளிடம் நீட்டினார். "நூம்பலுக்கு நாளைக்கே ஆள் அனுப்பி வேணாம்னு சொல்லிட்றேன். அந்தப் பையன் கொஞ்சம் குள்ளம் வேற."

வனஜா சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். அவ்வளவு தித்திப்பான சாத்துக்குடியை அதற்கு முன்னும் பின்னும் அவள் தின்றதில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் பின்பக்கக் கதவு லேசாகத் திறந்தது. மஹ்பூபா. கையில் ஒரு தட்டு, அதன் மேல் துணி மூடியிருந்தது. முகம் நிறையச் சிரிப்பு.

நாகம்மா காளியாகிவிட்டாள். "வாடியம்மா வா! ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு குவார்ட்டர்ஸ் பூரா தமுக்கடிச்சியே, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? எம் புருசனைப் பாடையில ஏத்தாத குறை! மானம் போச்சு, பால் போச்சு, கடைசியில அந்த டீச்சரம்மா வரைக்கும் கூட்டியாந்து நிறுத்திட்டியே! உனக்கு நான் இன்னாடி கெடுதல் பண்ணேன்?"

மஹ்பூபாவின் சிரிப்பு அப்படியே நின்றது. தட்டைக் கீழே வைத்தாள். செங்கல்வராயன் அவசரமாகப் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்தார்.

"நான் எங்கக்கா எட்டிப் பாத்தேன்? காத்தால பால் பூத்துல அண்ணன்தான் என்னைத் தனியாக் கூப்ட்டு, 'நாலு பேரு எதிர்ல நின்னா எம் பொண்ணுக்குக் கணக்கு மறந்துபூடுதும்மா, எனக்கு க்ளுக்கோஸ் ஏறுதுன்னு சொல்லி குவார்ட்டர்ஸ் பூரா இங்க அனுப்பு, முடிஞ்சா அந்த டீச்சரம்மா காதுலயும் போடு'ன்னு கையெடுத்துக் கும்புட்டாரு!"